எட்டாவது அறிவியல் ரிவிஷன்: மனப்பாடமா சொல்றா, கேள்விய மாத்துனா நின்னுடறா, உதவி பண்ணுங்க

கேட்டவர்:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு எட்டாவது படிக்கிறா, வருஷக் கடைசிப் பரீட்சைக்கு இயற்பியலும் புவி அறிவியலும் சேத்து திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்கோம். வரையறை எல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட சொல்லுவா, ஆனா அதையே கொஞ்சம் மாத்திக் கேட்டா அப்படியே நின்னுடறா. கோடைக்காலம் ஏன் வருதுன்னா பூமி சூரியனுக்குப் பக்கத்துல போறதாலங்கறா, அதே மூச்சுல பூமியோட அச்சு 23.5 டிகிரி சாஞ்சிருக்குன்னும் சொல்றா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலன்னு அவளுக்குத் தோணவே இல்ல. பூமியில 30 கிலோ இருக்கற பொண்ணு நிலாவுல எவ்ளோ கிலோன்னா 5 கிலோங்கறா. ஐஸ் உருகற வரைக்கும் வெப்பநிலை ஏறிக்கிட்டே இருக்கும்கறா. பூமிக்குள்ள மேலோட்டுக்குக் கீழ மொத்தமும் உருகின பாறைங்கறா. திரும்பப் படின்னா திரும்பவும் அதே மனப்பாடம்தான். எத முதல்ல சரி பண்றது, எப்படிப் பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, வீட்ல லேப் சாமான்னு பெருசா எதுவும் கிடையாது.

அறிவியல் டீச்சர்:
பொண்ணுக்கு ஞாபக சக்தியில எந்தக் குறையும் இல்லம்மா. பிள்ளைங்க மனசுல பாடத்துக்கு முன்னாடியே ஒரு படம் இருக்கும், பாடம் அதுக்கு மேல போய் உக்காந்துக்கும், அடியில இருக்கற படம் கலையாது. அதனால புத்தகத்தத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல "என்ன நடக்கும், ஏன்"னு அவ நெனைக்கறத எழுத வைங்க, அப்புறம் செஞ்சோ கணக்குப் போட்டோ பாக்கட்டும். எழுதாம நேரா செஞ்சு காட்டினீங்கன்னா "இது எனக்கு அப்பவே தெரியும்"னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க, எழுதி வச்சிருந்தா எங்க மாறுபடுதுன்னு அவங்க கண்ணுக்கே தெரியும்.

முதல்ல பருவகாலத்தை எடுங்க. தூரம்தான் காரணம்னா பூமி முழுக்க ஒரே நேரத்துல கோடை வரணும் இல்லையா, ஆனா வடபாதியில குளிர்காலம் நடக்கும்போது தென்பாதியில கோடை நடக்குது, அது எப்படின்னு கேளுங்க. அதுக்கப்புறம் இந்தக் கணக்கச் சொல்லுங்க: பூமி சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல வர்றது ஜனவரி தொடக்கத்துல, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ரொம்ப தூரத்துல இருக்கறது ஜூலை தொடக்கத்துல, சுமார் 15.2 கோடி. வடபாதிக்கு ஜூலை கோடை. இதுக்கு மேல தூரக் கதை நிக்காது.

அப்புறம் ஒரு பந்துல குச்சி குத்தி, நடுவுல ஒரு பல்பை வச்சு, பந்தோட பல்பை சுத்தி வரச் சொல்லுங்க. இங்கதான் கவனமா பாக்கணும், பிள்ளைங்க சுத்தி வரும்போது குச்சியோட மேல்நுனி எப்பவும் பல்பு பக்கமே சாஞ்சிருக்கற மாதிரி பிடிப்பாங்க, நடக்க நடக்க மணிக்கட்டு தானா திரும்பிடும். அப்படிப் பிடிச்சா வடபாதிக்கு வருஷம் முழுக்கக் கோடைதான். ஒரு சுவர்ல ஒரு காகிதத்தை ஒட்டி, குச்சியோட நுனி எங்க போனாலும் அந்தச் சுவர் பக்கமே சாஞ்சிருக்கணும்னு சொல்லிடுங்க. அரைச் சுத்து போனதும் அதே நுனி பல்புக்கு எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கும், அங்க நிறுத்தி இப்ப வடபாதிக்கு என்ன பருவம்னு கேளுங்க. சாய்வான வெளிச்சம் ஏன் கம்மியா சூடாக்குதுன்னு கேட்டா ஒரு டார்ச்சை காகிதத்து மேல நேராவும் சாய்ச்சும் அடிச்சுக் காட்டுங்க. சூரியன் தலைக்கு நேரா இருக்கும்போது விழற ஒளி, தொடுவானத்துலேருந்து 30 டிகிரி உயரத்துல இருக்கும்போது ரெண்டு மடங்கு பரப்புல பரவிடும். கூடவே கோடையில பகலும் நீளம், ரெண்டும் சேந்துதான் வெயில்.

இயற்பியல் மாணவன்:
அக்கா, நிறை எடை விஷயத்துல குழப்பத்துக்குக் காரணம் நாம பேச்சுல எல்லாத்தையும் கிலோன்னு சொல்லிடறதுதான். 30 கிலோங்கறது நிறை, அவ உடம்புல இருக்கற பொருளோட அளவு, அது நிலாவுலயும் 30தான். எடைங்கறது ஈர்ப்பு விசை, அத நியூட்டன்லதான் சொல்லணும். பூமியில 30 × 9.8 = 294 நியூட்டன், நிலாவுல 30 × 1.62, சுமார் 49 நியூட்டன். பாப்பா சொன்ன ஆறுல ஒரு பங்கு சரிதான், ஆனா அது குறையறது எடையில, நிறையில இல்ல. இத உறுதிப்படுத்த ஒரு கேள்வி கேளுங்க: சுருள்வில் தராசையும் இரண்டு தட்டுத் தராசையும் நிலாவுக்கு எடுத்துட்டுப் போனா எது வேற அளவு காட்டும்? சுருள்வில் தராசு குறைச்சுக் காட்டும், தட்டுத் தராசு மாத்தாது, ஏன்னா ரெண்டு தட்டுலயும் ஈர்ப்பு ஒரே மாதிரி குறையுது. காரணத்தோட பதில் சொல்லிட்டான்னா நிறை எடை தெளிவாயிடுச்சுன்னு அர்த்தம்.

கனமான பொருள் வேகமா விழும்னும் நெனைச்சிருப்பா, கேட்டுப் பாருங்க. 1971ல அப்போலோ 15 பயணத்துல டேவிட் ஸ்காட் நிலாவுல நின்னு ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒண்ணா விட்டாரு, ரெண்டும் ஒண்ணாத்தான் தரையத் தொட்டுச்சு, அங்க காத்து இல்ல. வீடியோவே இருக்கு, போடறதுக்கு முன்னாடி எது முதல்ல விழும்னு எழுத வைங்க, டீச்சர் சொன்ன மாதிரி.

ஐஸுக்கு ஒரு தெர்மாமீட்டர் போதும், ஆனா காய்ச்சல் பாக்கறது வேண்டாம், அது 35லேருந்து 42 டிகிரி வரைக்கும்தான் காட்டும். லேப்ல வர்ற மாதிரி 0க்கு கீழயும் காட்டறது வேணும். ஐஸை நல்லா உடைச்சு டம்ளர்ல போட்டு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ குறிச்சு கிராஃப் போடச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடியே கோடு எப்படிப் போகும்னு பென்சில்ல அவ யூகத்த வரையட்டும்.

கேட்டவர்:
தம்பி, டீச்சர், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பந்து வச்சு செஞ்சோம், டீச்சர் சொன்ன மாதிரியே அவ மணிக்கட்டு தானா திரும்புச்சு, சுவர்ல காகிதம் ஒட்டினதும் சரியாயிடுச்சு, தென்பாதிக்கு என்ன பருவம்னு அவளே சொல்ல ஆரம்பிச்சுட்டா. ஐஸ்லதான் சிக்கல். பென்சில்ல ஏறுமுகமா ஒரு நேர்கோடு வரைஞ்சிருந்தா. தெர்மாமீட்டர் முதல்ல மைனஸ் 4 காட்டுச்சு, அப்புறம் 2 டிகிரிக்கு வந்து ரொம்ப நேரம் அங்கயே நின்னுச்சு, நடுநடுவுல 3 கூட ஆச்சு. புத்தகத்துல 0ன்னு இருக்கே, நம்ம சோதனை தப்பாங்கறா. நான் என்ன சொல்லட்டும்?

இயற்பியல் மாணவன்:
தப்பே இல்லக்கா, ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு. மைனஸ் 4 வந்தது ஃப்ரீசர்லேருந்து அப்பதான் எடுத்த ஐஸ், அது 0க்கு கீழ இருக்கும், 0 வரைக்கும் ஏறினப்புறம்தான் உருகவே ஆரம்பிக்கும். 3க்கு ஏறினது கலக்காததாலதான் இருக்கும், தெர்மாமீட்டரோட குமிழ் டம்ளரோட அடியையோ பக்கத்தையோ தொட்டுக்கிட்டு இருந்தாலும் இப்படி ஆகும், மேல ஐஸ் மிதக்க அடியில இருக்கற தண்ணி கொஞ்சம் சூடாயிடும். குமிழ் ஐஸும் தண்ணியும் கலந்திருக்கற இடத்துல நடுவுல இருக்கணும், ஒவ்வொரு தடவ பாக்கறதுக்கு முன்னாடியும் நல்லா கலக்கணும். கலக்கியும் விடாம 2 காட்டினா அது தெர்மாமீட்டர்ல இருக்கற விலகல், எல்லா அளவுலயும் 2 கழிச்சுக்கலாம், தெர்மாமீட்டரைச் சரி பாக்கறதே ஐஸ் தண்ணியில வச்சுத்தான்.

முக்கியமா பாக்க வேண்டியது கோடு எந்த நம்பர்ல நிக்குதுங்கறத விட, அது ஏன் நிக்குதுங்கறது. அறையோட வெப்பம் டம்ளருக்குள்ள போய்க்கிட்டேதான் இருக்கு, ஆனா அது மூலக்கூறுகளோட பிடிய விடுவிக்கறதுக்கே செலவாகுது, வெப்பநிலைய ஏத்தறதுக்கு மிச்சமில்ல. 1 கிராம் ஐஸ் உருக சுமார் 334 ஜூல் வேணும். அதே 334 ஜூலை 1 கிராம் தண்ணிக்குக் கொடுத்தா 0லேருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்கு ஏறிடும். 1 கிராம் தண்ணி 1 டிகிரி ஏற 4.18 ஜூல் வேணும், அதனால இந்தக் கணக்க பாப்பாவே போடட்டும், 334 வகுத்தல் 4.18. வெப்பம் வேற, வெப்பநிலை வேறங்கறது அந்த ஒரு வகுத்தல்லயே புரியும்.

புவியியல் படிச்சவர்:
மேன்டில், அதான் பூமியோட மேலோட்டுக்கும் கருவுக்கும் நடுவுல இருக்கற அடுக்கு, அது பத்தி யாரும் சொல்லலயே, நான் சொல்றேன். படங்கள்ல சிவப்பும் ஆரஞ்சுமா வரையறதால எல்லாப் பிள்ளைங்களும் அது உருகிக் கிடக்குன்னுதான் நெனைக்கறாங்க. மேலோட்டுக்குக் கீழ சுமார் 2900 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் மேன்டில் திடப்பாறைதான். ரொம்ப சூடு, ரொம்ப அழுத்தம், அதனால திடமா இருந்துக்கிட்டே ரொம்ப மெதுவா நகருது, அதுக்கு மேல இருக்கற பெரிய பாறைத் தட்டுகள் நகரறதும் நம்ம நகம் வளர்ற வேகத்துலதான், வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர். மேக்மா, அதாவது உருகின பாறை, உண்டாகறது சில இடங்கள்ல மட்டும்தான்.

எப்படித் தெரியும்னு பொண்ணு கேக்கணும், கேக்கலன்னா நீங்க கேளுங்க. யாரும் அவ்ளோ ஆழம் தோண்டிப் பாக்கல, நிலநடுக்க அலைதான் சாட்சி. அதுல எஸ் அலைன்னு ஒரு வகை இருக்கு, அது திரவத்துக்குள்ள போகாது. அது மேன்டில்ல போகுது, அதனால மேன்டில் திடம். மேன்டிலுக்குக் கீழ இருக்கற வெளிக்கருவுல போகல, அதனால வெளிக்கரு திரவம். அதுக்குள்ளயும் தனியா ஒரு உட்கரு இருக்குன்னு 1936ல இங்கே லேமன்ங்கற டென்மார்க் விஞ்ஞானி நிலநடுக்கப் பதிவுகளப் பாத்துத்தான் சொன்னாங்க, அது திடம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அடுக்குகளோட பேர மனப்பாடம் பண்றத விட இந்த வாதத்தை ஒரு தடவ அவ வாயால சொல்ல வச்சா போதும், பேர் தானா நிக்கும்.

பாறை வகை மூணும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், பாறைச் சுழற்சி ஒரே வட்டமா ஒரே திசையில போகும்னு நெனைச்சிருக்காளான்னு மட்டும் பாருங்க. எந்தப் பாறையும் வேற எந்த வகையாவும் மாறலாம்.

அறிவியல் டீச்சர்:
ஐயா சொன்னது அருமை. பல்பை எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி நிலாவோட பிறையையும் முடிச்சிடுங்கம்மா. பூமியோட நிழல்தான் பிறைன்னு நிறைய பிள்ளைங்க எழுதறாங்க. இருட்டு அறை, ஒரே பல்பு, பந்தைக் கையை நீட்டித் தலைக்குக் கொஞ்சம் மேல பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே இடப்பக்கமா சுத்தட்டும். நிழல் எதுவும் படாமலே பிறை, பாதி, முழு நிலா எல்லாம் வரும். பந்தை இறக்கி அவ தலை நிழல் அது மேல விழறப்ப என்னன்னு கேளுங்க, அது சந்திர கிரகணம். நிலாவோட பாதை சுமார் 5 டிகிரி சாஞ்சிருக்கறதால மாசா மாசம் கிரகணம் வராது.

கேட்டவர்:
இன்னைக்கே பண்ணிடறோம் டீச்சர். கடைசியா ஒண்ணு, சராசரி வேகம். போகும்போது 60, வரும்போது 30ன்னா 45ன்னு எழுதறா, எப்படிச் சொல்லிக் கொடுக்கறது?

இயற்பியல் மாணவன்:
தூரத்துக்கு ஒரு நம்பர் வச்சிடுங்கக்கா. ஒரு பக்கம் 120 கிலோமீட்டர்னா போக 2 மணி நேரம், வர 4 மணி நேரம். மொத்தம் 240ஐ 6ஆல வகுத்தா 40. மெதுவா வந்த நேரம் ரெண்டு மடங்கு, அதனால சராசரி 30 பக்கம் சாயுது. 120க்குப் பதிலா 60, 300னு மாத்திப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, எப்பவும் 40தான் வரும். அது ஏன்னு அவளே யோசிச்சு அந்த நோட்டுல எழுதட்டும்.