இரண்டாவது கியர் விழும் வரை

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறையின் முற்றத்தில், சிவப்பு ஃபெராரி 308 ஜிடிபி ஒன்றின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். 1978ஆம் வருடத்து வண்டி. என்ஜின் ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடம் இருக்கும். பக்கத்து சீட்டில் பட்டறைக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் இங்கே வந்தவர், பழைய கார்களைப் பிரித்துப் பூட்டியே வாழ்க்கையை ஓட்டியவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கிளம்புவதற்கு முன் அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"தம்பி, ஒண்டில இருந்து நேரா மூண்டுக்குப் போங்கோ. ரெண்டை இப்ப தொடாதேங்கோ."

அந்தக் காலத்து ஃபெராரிகளை ஓட்டியவர்களுக்கு இது பழகிய விஷயம். கியர்பாக்ஸ் ஆயில் குளிரில் தடித்துக் கிடக்கும்போது இரண்டாவது கியர் விழாது. அது ரிப்பேர் இல்லை, வண்டியின் சுபாவம். ஆயில் சூடாகி இளகும் வரை ஒன்று, மூன்று, நான்கு என்றுதான் ஓட்ட வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. நாலைந்து கிலோமீட்டர் போனதும் ஒரு தடவை இரண்டுக்குத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே யாரோ கதவை அழுத்திப் பிடித்திருப்பது போல உள்ளங்கையில் தெரிந்தது. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. நானே விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு மேட்டில், சுமார் 15 கிலோமீட்டர் ஓடிய பிறகு, விழுந்தது. அந்த வண்டியில் கியர் லிவரைச் சுற்றித் தோல் உறை கிடையாது. ஆறு பள்ளங்கள் வெட்டிய பளபளக்கும் உலோகத் தகடுதான். லிவரின் தண்டு அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இடித்து 'க்ளிக்' என்று உள்ளே இறங்குவது காதுக்கும் கேட்கும், கைக்கும் தெரியும். முதல் கியர் இடது பக்கம் கீழே இருக்கிறது. அதனால் இரண்டும் மூன்றும் ஒரே நேர்கோட்டில் மேலும் கீழுமாக வருகின்றன. மலை ரோட்டில் அதிகம் மாறி மாறிப் போடுவது அந்த இரண்டு கியர்களைத்தான். ஓட்டுகிறவனின் மணிக்கட்டை நினைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இரண்டு விழுந்ததும் மிதித்தேன். தலைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் 2926 சிசி வி8 என்ஜின். அதன் மேல் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் நான்கு வெபர் கார்புரேட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய். அவை காற்றை இழுக்கும் சத்தம்தான் முதலில் வரும், சைலன்சர் சத்தம் அதற்குப் பிறகு. நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளைத் தாண்டியும் அந்த என்ஜின் இன்னும் மிதி என்று கேட்கிறது.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் பிரீமியர் பத்மினி இருந்தது. அதுவும் பூர்வீகத்தில் இத்தாலிக்காரிதான், ஃபியட் 1100. அப்பா குளிர்காலத்தில் சோக்கை இழுத்துவிட்டு, ஹேண்ட் கியரைத் தொடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று பின் சீட்டில் நான் கத்துவேன். "என்ஜின் சூடாகட்டும்டா" என்பார். ஸ்டுட்கார்ட்டில் அந்த மேட்டில்தான் அப்பாவின் அந்தப் பொறுமை எனக்குப் புரிந்தது.

அந்த ஃபெராரி ஒரு டாக்டர் அம்மாவுடையது. எழுபதைத் தாண்டியவர். முழங்கால் தேய்ந்துவிட்டதால் கிளட்சை மிதிக்க முடிவதில்லை. வண்டி நின்றே கிடந்தால் கெட்டுவிடும் என்று, குளிர்காலம் தவிர மாதம் ஒரு முறை ஓட்டிவரும் பொறுப்பை அண்ணையிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு அந்த சீட் கிடைத்தது அவருடைய சம்மதத்தால்.

சரி, இனி இன்னொரு வண்டி. அண்ணையிடம் சொந்தமாக ஒரு போர்ஷே இருக்கிறது. 1988ஆம் வருடத்து 911 கரேரா 3.2. மோதி நசுங்கிய வண்டியை வாங்கி, பல வருடம் ராத்திரிகளில் உட்கார்ந்து சரிசெய்தது. இங்கே 30 வருடம் தாண்டி, பழைய வடிவம் கெடாமல் இருக்கும் வண்டிக்கு நம்பர் பிளேட்டின் கடைசியில் 'எச்' என்ற எழுத்து கிடைக்கும். அந்த எழுத்து கிடைத்த நாளைத் தன் குழந்தை பிறந்த நாளைப் போலச் சொல்வார்.

இந்த வண்டி காக்க வைக்காது. கதவைச் சாத்தினால் துப்பாக்கித் தாழ்ப்பாள் மாதிரி ஒரு சத்தம். சாவி ஸ்டியரிங்குக்கு இடது பக்கம். கண்ணுக்கு நேரே ஐந்து வட்டங்கள், நடுவில் பெரியது சுற்று எண்ணிக்கை காட்டும் மீட்டர். பெடல்கள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து முளைத்திருக்கும். ஆயில் அளவு பார்ப்பதே வேறு முறை: என்ஜின் நன்றாகச் சூடாகி, ஓடிக்கொண்டே இருக்கும்போது, சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். 10 லிட்டருக்கும் மேல் ஆயில் அந்த என்ஜினைச் சுற்றிவருகிறது. தண்ணீரே இல்லாமல் காற்றாலும் ஆயிலாலும் மட்டுமே குளிரும் என்ஜின். ஐடிலில் பின்பக்கம் நின்றால் ஃபேன் சுற்றும் விசில் கேட்கும்.

அக்டோபரில் கறுப்புக் காட்டின் மலை உச்சி வழியாகப் போகும் பி500 ரோட்டுக்குப் போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது, ரோடெல்லாம் ஈர இலை. ஒரு வலது வளைவில் வேகம் கொஞ்சம் அதிகமாகத் தோன்ற, பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்துவிட்டேன். வேறு எந்தக் காரிலும் செய்வதுதானே. பின்பக்கம் எனக்கு முன்னால் போகப் பார்த்தது. இடுப்பில்தான் முதலில் தெரிந்தது, கண்ணுக்கு அப்புறம். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, அண்ணை கத்திச் சொன்னபடி ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்தேன். வால் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நேரானது. அடுத்த ஓரத்தில் நிறுத்தினேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"வளைவுக்குள்ள போனாப் பிறகு காலை எடுக்கக் கூடாது தம்பி. எடுக்கிறதெண்டா முதலே எடுக்க வேணும். பயம் வந்தாலும் காலை வச்சிருங்கோ."

காரணம் எளிமையானது. என்ஜின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. கிட்டத்தட்ட 60 சதவீத எடை பின்னால்தான். காலை எடுத்ததும் பாரம் முன்னால் சாய்கிறது, பின் டயர்களின் பிடி குறைகிறது, அந்தக் கனம் வெளியே வீசப் பார்க்கிறது. அதே கனத்தை வளைவிலிருந்து வெளியே வரும்போது மிதித்துப் பாருங்கள், பின் டயர்கள் ரோட்டில் நகம் பதித்தது போல வண்டியைத் தள்ளும். திரும்பி வரும் வழியில் அது எனக்குப் பிடிபட்டது. அன்றைய சாயங்காலத்தின் கடைசி பத்து வளைவுகளை இன்னும் வரிசையாகச் சொல்வேன்.

இந்த இரண்டு வண்டிகளையும் ஓட்டிய பிறகுதான் ஒரு பழைய பேச்சின் மேல் எனக்கு நம்பிக்கை போனது. இத்தாலியக் கார் இதயம், ஜெர்மன் கார் மூளை என்பார்கள். ஓட்டியவனுக்கு நேர்மாறாகத்தான் தெரிகிறது. 308ஐப் பாருங்கள். என்ஜினின் கனம் முன் பின் சக்கரங்களுக்கு நடுவில், நான்கு சக்கரங்களுக்கும் இரட்டைக் கை சஸ்பென்ஷன். பாடப்புத்தகம் சொல்கிறபடி செய்த கார் அதுதான். பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனத்தில் லியோனார்டோ ஃபியோரவந்தி வரைந்த உருவம் நம் கண்ணைக் கட்டிவிடுவதால் அதற்குள் இருக்கும் கணக்கை நாம் பார்ப்பதில்லை.

911தான் பிடிவாதத்தால் பிழைத்த கார். 1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் பூஜ்யம் வரும் எண்கள் தங்களுடையவை என்று பிரெஞ்சு கார் நிறுவனமான பெஜோ சொன்னதால் 911 ஆனது. என்ஜினை அங்கே தொங்கவிடுவது சரியில்லை என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியும். எழுபதுகளில் அதை நிறுத்திவிடுவது என்று நிறுவனமே முடிவுக்கு வந்திருந்தது. முன்னால் வி8 வைத்த 928ஐ 1977இல் கொண்டுவந்தார்கள். 1981இல் தலைமைக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ், பொறியியல் தலைவர் ஹெல்முத் போட்டின் அறையில் மாட்டியிருந்த திட்ட அட்டவணையைப் பார்த்தாராம். மற்ற கார்களின் கோடுகள் நீண்டு போக, 911இன் கோடு அந்த வருடத்தோடு நின்றிருந்தது. மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டை அட்டவணையைத் தாண்டிச் சுவர் வரை இழுத்துவிட்டாராம். அவரே பின்னாளில் சொன்ன கதை. அந்தக் கோடு நீளாமல் போயிருந்தால் அண்ணையின் 1988 வண்டி இல்லை. காற்றால் குளிரும் என்ஜின் 1998 வரை ஓடியது. தவறான இடத்தில் வைத்த ஒன்றை விட மனமில்லாமல் முப்பத்தைந்து வருடம் செதுக்கினார்கள். காதல் என்று நான் சொல்வது இதைத்தான்.

இரண்டு நாடுகளையும் எதிர் எதிரே நிறுத்திப் பேசுவதே எனக்கு இப்போது சரியாகப் படவில்லை. மியூனிக்கில் பிஎம்டபிள்யூ எம்1 ஒன்றின் பின்னால் வெகு நேரம் நின்றேன். அதன் பின்பக்க இரண்டு மூலையிலும் ஆளுக்கு ஒன்றாக வட்டச் சின்னம் இருக்கும், வேறு எங்கும் அப்படிப் பார்த்ததில்லை. உள்ளே இருப்பது நேர்வரிசை ஆறு சிலிண்டர் ஜெர்மன் என்ஜின், வெளியே இருப்பது இத்தாலியின் டூரினில் ஜியோர்ஜெட்டோ ஜுஜியாரோ வரைந்த கோடு. கட்டும் வேலையை முதலில் இத்தாலியின் லம்போர்கினியிடம் கொடுத்து, அது பண நெருக்கடியில் கைகூடாமல், கடைசியில் ஸ்டுட்கார்ட்டில் பவுர் பட்டறையில் முடித்தார்கள். 1978 முதல் 1981 வரை சுமார் 450 வண்டிகள், அவ்வளவுதான். அதே ஜுஜியாரோதான் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனுக்கு முதல் கோல்ஃப் காரையும் வரைந்தார். இன்னொரு பக்கம், 1980இல் 308க்குக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு வைத்த ஃபூயல் இன்ஜெக்ஷன் ஸ்டுட்கார்ட் பக்கத்து பாஷ் நிறுவனத்துடையது. புகை குறைந்தது, ஆனால் 255 குதிரைத்திறன் 214 ஆனது. டாக்டர் அம்மா 78ஆம் வருட வண்டியைத் தேடி வாங்கியது அதனால்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், ஃபிளாரன்ஸுக்கும் போலோன்யாவுக்கும் நடுவே ஃபூட்டா கணவாயில், மில்லே மில்யா கார்கள் போவதைப் பார்க்கக் காத்திருந்தேன். 1927 முதல் 1957 வரை நடந்த அந்தப் பந்தயத்தில் ஓடிய மாடல்கள்தான் இன்றைய ஊர்வலத்திலும் ஓடலாம். இத்தாலியின் சிவப்பு ஆல்ஃபா ரோமியோக்கள் போகும்போது கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்திருக்கவே இல்லை. வெள்ளி நிற மெர்சிடிஸ் 300 எஸ்எல் ஒன்று, கதவுகள் சிறகு மாதிரி திறக்குமே அது, வளைவில் திரும்பியபோது எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். 1955இல் ஆங்கிலேயப் பந்தய வீரர் ஸ்டர்லிங் மாஸ் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் காரில் 722 என்ற எண்ணோடு இந்தக் கணவாயைக் கடந்தபோது அவருக்கு எட்டு வயதாம், அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். காலை 7:22க்குக் கிளம்பியதால் அந்த எண். சுமார் 1,600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார் மாஸ், பக்கத்தில் வழிகாட்டியாக உட்கார்ந்த ஜென்கின்சன் ரோட்டுக் குறிப்புகள் எழுதிய காகிதச் சுருளைப் படித்துக்கொண்டே வர. இத்தாலிக்காரர், அதுவும் இந்த மலைக்காரர், வாழ்நாள் முழுக்க மனசில் வைத்திருந்தது ஒரு ஜெர்மன் கார்.

துருவைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. போன வருடம் நான் வாங்கப் பார்த்த அறுபதுகளின் இத்தாலிய கூபே ஒன்று, பார்த்தவுடனே கையைப் பிடித்து இழுக்கும் அழகு. அண்ணை சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய சின்னக் காந்தத்தை எடுத்து, கதவுக்குக் கீழே நீளமாக வைத்துக்கொண்டே போனார். மூன்று இடத்தில் ஒட்டாமல் நழுவி விழுந்தது. தகரம் போய், பெயின்ட்டுக்குக் கீழே வெறும் பட்டியை நிரப்பி மறைத்திருந்தார்கள். விற்றவர் முகத்தைக்கூட அண்ணை பார்க்கவில்லை, எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு நடந்தார். போர்ஷே 1976 மாடலிலிருந்தே 911இன் உடலுக்குத் துத்தநாகம் பூசிய தகரத்தைப் போட்டது. இன்றைக்கும் அந்த வருடங்களின் 911கள் ரோட்டில் இத்தனை தெரிய ஒரு பெரிய காரணம் அதுதான். ஆனாலும் அந்த கூபேயின் முன் கண்ணாடித் தூண் கூரையோடு சேரும் இடம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

சொந்தமாக ஒன்றுதான் என்றால் நான் 911ஐ எடுப்பேன். பயந்தபோது காலை எடுக்காமல் இருக்க அது என்னைப் பழக்கியது. இன்னும் முழுதாகப் பழகவில்லை, பழகிக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் அதன் ருசி. ஆனால் வருடத்தில் நான் நாள் எண்ணுவது ஃபெராரி வெளியே வரும் அந்த முதல் ஞாயிறுக்கு.

அன்றைக்கு வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டபோது டாக்டர் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். எவ்வளவு தூரம் போனோம், எங்கே போனோம் என்று ஒன்றும் கேட்கவில்லை. என்ஜின் மூடியின் கறுப்புத் துவாரங்களிலிருந்து வரும் சூட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் காட்டிக்கொண்டு, "ரெண்டு எப்போ விழுந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். மேட்டில் என்றேன். எந்த மேடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வருடம் இன்னும் வெளியே எடுக்கவில்லை. குளிர்காலத்தில் ரோட்டில் போட்ட உப்பு கழுவிப் போக இன்னும் இரண்டு நல்ல மழை வேண்டும் என்கிறார் அண்ணை.