ஜெஃப் தாமஸின் சைக்கிளும், பக்கத்தில் வந்த ஆம்ஸ்ட்ராங்கும்

பாலஸ் பைத்தியம்:
ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் நிதி திரட்டக் கிளம்புவதே பெயர் மங்காமல் இருக்கத்தான் என்று நம் மன்றத்து நண்பர் ஓரவஞ்சனை வேறொரு திரியில் எழுதியிருந்தார். எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று சொல்லத்தான் பழைய கால்பந்து வீரர் ஜெஃப் தாமஸைப் பற்றி இந்தத் திரி.

இளசுகளுக்குத் தெரிந்திருக்காது. 1990இல் லண்டன் அணியான கிரிஸ்டல் பாலஸ் முதன்முறையாக இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போனபோது அவர்தான் கேப்டன். அந்த சீசனில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 9-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட அணி, அரையிறுதியில் அதே லிவர்பூலை 4-3 என்று சாய்த்தது. இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 3-3, மறு ஆட்டத்தில் 0-1. நடுக்களத்தில் ஓடிக்கொண்டே இருக்கிற ஆள். கலைநயமெல்லாம் கிடையாது. 2002இல் ஓய்வு. அடுத்த வருடமே நாள்பட்ட மைலாய்டு லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய். ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்கும் மூல செல்) மாற்றும் சிகிச்சை இல்லையென்றால் மூன்று வருடம்தான் உயிர் என்று சொல்லிவிட்டார்கள். 2004 ஜனவரியில் சகோதரி ஸ்டெம் செல் கொடுத்தார், பிழைத்தார். ஒன்றரை வருடம் கழித்து, 2005 கோடையில், டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பாதை முழுவதையும், காலிபியர் மலை உட்பட 21 ஸ்டேஜையும் (ஒரு ஸ்டேஜ் என்பது ஒரு நாள் ஓட்டம்), லுகேமியா ஆராய்ச்சிக்கு நிதி திரட்டச் சைக்கிளில் ஓட்டி முடித்தார். அதற்குப் பிறகும் விடவில்லை, பலமுறை போய்விட்டார். இப்படி ஒருவரைக் கொண்டாடுவதில் என்ன தப்பு?

ஆஃப்சைடு:
1992இல் பிரான்சுக்கு எதிராக வெம்ப்ளியில் கோல்கீப்பருக்கு மேல் சிப் அடிக்கிறேன் என்று பந்தைக் கார்னர் கொடிப் பக்கம் அனுப்பியவர் இவர்தானே? இங்கிலாந்து ஜெயித்த ஆட்டம், ஆனாலும் அந்த ஒன்றை மட்டும் இன்னும் போட்டுக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மனுஷனுக்குச் சைக்கிள் அமைந்தது நல்லதாகப் போயிற்று.

ஓரவஞ்சனை:
பைத்தியம் அண்ணே, 2005இல் ஓட்டியதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சாவின் விளிம்புவரை போய்விட்டு வந்து காலிபியர் ஏறியதற்கு நானும் தலை வணங்குகிறேன். நீங்கள் 2015ஐச் சௌகரியமாக விட்டுவிட்டீர்கள்.

அந்த வருடம் தாமஸ் ஒரு குழுவோடு, பந்தயத்துக்கு ஒரு நாள் முன்னால் அதே பாதையில் போனார். பர்மிங்காமின் ரத்தப் புற்றுநோய்த் தொண்டு அமைப்பான கியூர் லுகேமியாவுக்குப் பத்து லட்சம் பவுண்டு இலக்கு. நல்லது. ஆனால் கூட யாரை அழைத்தார்? லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை. ஊக்கமருந்து எடுத்து ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்ட அமெரிக்க சைக்கிள் வீரர், உண்மை பேசிய சக வீரர்களை வருடக்கணக்கில் மிரட்டியவர். பிரான்சின் ரொதேஸ், மாந்த் ஊர்கள் பக்கம் இரண்டு ஸ்டேஜ் ஓட்டிவிட்டுப் போனார். சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் அப்போதைய தலைவர் பிரையன் குக்சன், இது பந்தயத்தையும் இன்றைய வீரர்களையும் அவமதிக்கிற செயல் என்று வெளிப்படையாகவே சொன்னார். தாமஸ் கேட்கவில்லை. ரசிகர்கள் என்ன சொன்னார்கள்? "நல்ல காரியத்துக்குத்தானே!" அந்த வார்த்தையைப் போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் மன்னிக்கலாமா? நான் சொல்ல வந்தது இதைத்தான்.

பாலஸ் பைத்தியம்:
தாமஸ் நோயில் கிடந்தபோது அவரைத் தூக்கி நிறுத்தியது ஆம்ஸ்ட்ராங் தன் புற்றுநோயைப் பற்றி எழுதிய புத்தகம். 2005 பயணமே அதிலிருந்துதான் வந்தது. உங்களுக்குப் பிழைக்கும் நம்பிக்கை கொடுத்த ஒருவன் பிறகு திருடன் என்று தெரிந்தால், அந்த நம்பிக்கையும் போலி ஆகிவிடுமா? அந்த இரண்டு நாள்தான் உலகப் பத்திரிகைகள் எல்லாம் அங்கே வந்தன. அவர் இல்லாவிட்டால் கியூர் லுகேமியா என்ற பெயரை பர்மிங்காம் தாண்டி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஓரவஞ்சனை:
பத்திரிகைகள் வந்தது ஆம்ஸ்ட்ராங்கைப் பார்க்க, லுகேமியாவைப் பார்க்க இல்லை. அவருக்கும் அது தேவைப்பட்டது. தன் பெயரைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் வேண்டும், தாமஸ் எடுத்துக் கொடுத்தார். ஆம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளை விற்ற மஞ்சள் கைப்பட்டையைக் கோடிக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டு திரிந்த காலத்தில் "புற்றுநோயாளிகளுக்கு இவ்வளவு செய்கிறவரைச் சந்தேகப்படுவதா?" என்றுதான் கேள்வி கேட்டவர்கள் வாயை அடைத்தார்கள். தர்மமே கேடயமாக இருந்தது. அதே ஆளை அதே கேடயத்தோடு மறுபடி கூட்டி வருவதைத்தான் தப்பு என்கிறேன்.

வெள்ளைக் கோட்டு:
நான் இதே துறையில் ஆய்வு நர்ஸ், டாக்டர் இல்லை. ஆம்ஸ்ட்ராங் வந்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பணம் எங்கே போகிறது என்று இங்கே யாரும் கேட்கவில்லையே.

கியூர் லுகேமியா பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களின் சம்பளத்துக்குத்தான் கொடுக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்லி கிராடக்தான் தாமஸுக்கு வைத்தியம் பார்த்த பேராசிரியர். ஒரு புது மருந்து தயாராகிவிட்டது என்பதால் மட்டும் சோதனை தொடங்கிவிடாது. மருந்து உள்ளே போன பிறகு, குறித்த நேரத்துக்குக் குறித்த நேரம் ரத்தம் எடுக்க வேண்டும். அதைக் கருவியில் சுழற்றிப் பிரித்து, உறைய வைத்து, லேபுக்கு அனுப்ப வேண்டும். நோயாளிக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் அது மருந்தாலா, நோயாலா என்று பார்த்து எழுதி உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வார்டு நர்ஸுக்கு இதற்கு நேரம் இருக்காது. தனி ஆள் இல்லாத ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனையே நடக்காது, அங்கே இருக்கிற நோயாளிக்கு அந்த மருந்தும் கிடைக்காது. தாமஸ் மிதித்துச் சேர்க்கிற காசு அங்கேதான் வேலை செய்கிறது. நர்ஸ் சம்பளத்துக்குக் காசு கொடுங்கள் என்றால் கையெழுத்துப் போட யாரும் வரமாட்டார்கள். ஒரு பழைய கேப்டன் மலை ஏறினால் வருகிறார்கள்.

ஓரவஞ்சனை:
நன்றி, இது எனக்குத் தெரியாத விவரம். ஆனால் அதையே திருப்பிக் கேட்கிறேன். ஒரு நாட்டின் சுகாதாரத் துறை கொடுக்க வேண்டிய சம்பளம் ஏன் பழைய கேப்டனின் முழங்காலை நம்பி இருக்க வேண்டும்?

தாமஸுக்கு வந்த இதே நோய்க்கு இமாட்டினிப் மாத்திரை இருக்கிறது. 2001இல் சந்தைக்கு வந்தது, இந்த நோயின் தலையெழுத்தையே மாற்றியது. அதைக் கொண்டுவந்த நோவார்டிஸ் கம்பெனியின் விலையில் அப்போது மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வரை ஆனது, இந்தியக் கம்பெனிகள் செய்ததில் பத்தாயிரத்துக்குள். காப்புரிமை கேட்டார்கள். சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த மறுப்புக்கு இடம் கொடுத்த சட்டப் பிரிவையே எதிர்த்து வழக்குப் போட்டு 2007இல் தோற்றார்கள். 2013இல் உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. எத்தனை ஆயிரம் பேர் அந்த மலிவு மாத்திரையால் நடமாடுகிறார்கள்! அதற்காக யாரும் சைக்கிள் மிதிக்கவில்லை. சட்டத்துக்குக் கைதட்டுங்களேன்.

பாலஸ் பைத்தியம்:
தட்டுகிறேன். ஆனால் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் எப்படி? சென்னையில் அந்தக் காப்புரிமை மனுவுக்கு ஆட்சேபம் கொடுத்தவர்களில் மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் உண்டு. அது நன்கொடையில் ஓடுகிற தொண்டு அமைப்பு. அமெரிக்காவில் பிரையன் டிரக்கர் அந்த மருந்தில் ஆராய்ச்சி செய்தபோது அவருக்குப் பணம் கொடுத்தவர்களில் லுகேமியா தொண்டு அமைப்பும் ஒன்று. மருந்துக்கு முன்னாலும் தர்மம், வழக்குக்குப் பின்னாலும் தர்மம். நீதிமன்றம் தானாக விழித்துக்கொள்வதில்லை, தோழரே.

கிழக்குக் கேலரி:
பேச்சு நீதிமன்றம் வரை போய்விட்டது, கொஞ்சம் ரசிகர் பக்கமும் வருவோம். 2012இல் இன்னொரு இங்கிலாந்து அணியான ஆஸ்டன் வில்லாவின் கேப்டன் ஸ்டிலியன் பெட்ரோவுக்குத் தீவிர லுகேமியா என்று தெரிந்தது. அவர் சட்டை எண் 19. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் 19ஆம் நிமிடம் மைதானமே எழுந்து ஒரு நிமிடம் கைதட்டியது. அந்த சீசனோடு நிற்கவில்லை, பிறகும் தொடர்ந்தது. எதிரணி ரசிகர்களும் சேர்ந்து தட்டினார்கள். அதில் எந்தக் கணக்கும் கிடையாது. அவர் சோதனைக்குப் பணம் சேர்த்தாரா, யாரோடு படம் எடுத்தார் என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை. அபிமானம் என்பது நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை, ஓரவஞ்சனை. நம் ஆள் என்கிற உரிமை, அவ்வளவுதான்.

ஓரவஞ்சனை:
பெட்ரோவுக்குத் தட்டியது அழகு, அதை யார் குறை சொன்னார்கள்? அங்கே யாரும் அதை வைத்து வேறொருவரின் பாவத்தை மறைக்கவில்லை. இன்னொன்று. தாமஸோடு 21 ஸ்டேஜையும் முழுதாக ஓட்டுகிற சாதாரண ஆட்கள் இருக்கிறார்கள். வேலைக்கு லீவு போட்டு, ஆளுக்கு ஒரு பெரிய தொகை திரட்டுவதாக ஏற்றுக்கொண்டு வருகிறவர்கள். ஒரு பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம். ஆம்ஸ்ட்ராங் ஓட்டியது இரண்டே ஸ்டேஜ், பெயர் எல்லாருக்கும் தெரிகிறது.

வெள்ளைக் கோட்டு:
இதில் ஓரவஞ்சனை சொல்வது சரி. ஆனால் தாமஸ் முன்னால் போகாவிட்டால் அவர்களும் வந்திருக்க மாட்டார்கள்.

காசைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. தாமஸுக்குச் சகோதரியே பொருந்தியது அதிர்ஷ்டம். கூடப்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பொருந்தாதவர்கள் ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டில் தேட வேண்டும், நம் ஆட்களுக்கு அங்கே ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. பொருத்தம் பெரும்பாலும் இனவழியில் வருகிறது, நம்மவர்கள் பதிந்திருப்பதோ கொஞ்சம் பேர். லண்டனில் கிராய்டன், தார்ன்டன் ஹீத் பக்கம், பாலஸ் மைதானத்தைச் சுற்றியே எவ்வளவு தமிழ்க் குடும்பங்கள்! பிரிட்டனின் அந்தோனி நோலன் பதிவேட்டில் 16 முதல் 30 வயது வரை சேரலாம். சென்னையில் தாத்ரி என்ற பதிவேடு இருக்கிறது, அங்கே 18 முதல் 50 வரை. கன்னத்தின் உள்ளே பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும், ஆரம்பத்தில் ஊசிகூடக் கிடையாது.

ஆஃப்சைடு:
50 வரைக்குமா? அப்படியென்றால் நான் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறேன். தாத்ரிக்கு எழுதிப் போடுகிறேன். பைத்தியம் அண்ணே, உங்கள் வயது என்ன?

பாலஸ் பைத்தியம்:
1990 இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்தவன், நீயே கணக்குப் போடு. வீட்டில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், அந்தோனி நோலனுக்கு அவர்களை அனுப்புகிறேன். ஓரவஞ்சனை, ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போகப் போவதில்லை.

ஓரவஞ்சனை:
நானும்தான். பையன்கள் பதிந்ததும் இங்கே சொல்லுங்கள்.