அழிந்துபோன ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பழுதுபார்ப்பவரே திருப்பி எழுதலாமா?

கேள்வி: நகரி, கைபேசி பழுதுபார்ப்பவர்

அனைவருக்கும் வணக்கம். ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் பதினோரு ஆண்டுகளாகக் கைபேசி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். கடைக்கு வருவோரில் பாதிப்பேர் விசைத்தறி ஓட்டும் தமிழ்க் குடும்பத்தார். சென்ற வாரம் இரண்டு பேர் கேட்ட உதவியை நான் செய்யவில்லை. செய்யாதது சரிதானா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை.

முதலாமவர் ஏகாம்பரகுப்பத்தைச் சேர்ந்த தறித் தொழிலாளி. திருத்தணியில் ஒரு கடையில் 6,500 ரூபாய்க்குப் பழைய கைபேசி வாங்கியிருக்கிறார். ஒரு மாதம் ஓடிய பின் இரண்டு சிம்களிலும் சிக்னல் போய்விட்டது. கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுடன் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு கைபேசிக்கும் தனியாக உள்ள பதினைந்து இலக்க அடையாள எண்ணைச் சேர்த்து, 14422 என்ற அரசு எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தபோது, அது தடை செய்யப்பட்ட கைபேசி என்று பதில் வந்தது. "நான் திருடவில்லையே அண்ணா, கூலிக் காசு கொடுத்து வாங்கியதுதானே, எண்ணை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டார். மறுத்து அனுப்பினேன். ஆனால் அந்தப் பணம் அவருக்கு எத்தனை நாள் உழைப்பு என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற ஊழியர். அவருடைய கைபேசியை வேறு யாரோ ஃப்ளாஷ் செய்ததில் (மென்பொருளைப் புதிதாக ஏற்றியதில்) ஐ.எம்.இ.ஐ. எண் அழிந்து, அதைக் காட்டும் *#06# அழுத்தினால் வெறும் சுழியங்களே தெரிகின்றன. பில்லும் டப்பாவும் அவரிடம் இருக்கின்றன. டப்பாவில் அச்சிட்டிருக்கும் எண்ணையே திரும்ப எழுதித் தரச் சொல்கிறார். அதற்கு வேண்டிய மென்பொருள் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டாங்கிள் என்ற ஒரு சிறு செருகு கருவியில் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அவருடைய எண்ணை அவருக்கே திருப்பித் தருவதில் என்ன குற்றம் இருக்க முடியும்? சட்டம் அறிந்தவர்களும் தொழில் அறிந்தவர்களும் விளக்குங்கள். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இது அறமாகுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1: சித்தூர், வழக்குரைஞர்

தம்பி, முதலாமவரை மறுத்து அனுப்பியதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, உற்பத்தியாளர் தவிர வேறு எவரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை வேண்டுமென்றே நீக்குவதும் சிதைப்பதும் மாற்றுவதும் சட்டவிரோதமாயிற்று. அதன்பின் வந்த 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 42-ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடையாள எண்ணைத் திருத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அது இடமளிக்கிறது. எண் திருத்தப்பட்ட கருவி என்று தெரிந்தே அதை வைத்திருப்பவரும், திருத்த உடந்தையாக இருந்தவரும் இதே பிரிவுக்குள் வருகிறார்கள். குற்றம் பிணையில் விட முடியாத வகையைச் சேர்ந்தது. ஆகவே நீங்கள் இரக்கப்பட்டு எண்ணை மாற்றிக் கொடுத்திருந்தால், இன்றைக்கு ஏமாந்தவராக மட்டும் நிற்கும் அந்தத் தொழிலாளி உங்களோடு சேர்ந்து குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க நேர்ந்திருக்கும்.

நம் பக்கத்து வழக்கு ஒன்றும் இதில் நினைவுகூரத் தக்கது. ஐ.எம்.இ.ஐ. எண் ஜி.எஸ்.எம். வகைக் கைபேசிகளுக்கு உரியது, சி.டி.எம்.ஏ. என்ற வேறொரு தொழில்நுட்பத்தில் இயங்கிய கைபேசிகளில் அதன் இடத்தில் மின்னணு வரிசை எண் இருந்தது. ஒரு நிறுவனம் தன் சேவைக்கென்றே பூட்டி, சலுகை விலையில் விற்ற கைபேசிகளின் வரிசை எண்ணை மாற்றி அவற்றைப் போட்டி நிறுவனத்தின் சேவைக்குக் கொண்டுபோனதாக எழுந்த வழக்கை 2005-இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் விசாரித்தது. கைபேசியும் ஒரு கணினியே என்றும், அந்த எண்ணில் கை வைப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65-ஆம் பிரிவை ஈர்க்கும் என்றும் நீதிமன்றம் கூறியது. அங்கே திருட்டுப் பொருள் என்ற பேச்சே இல்லை. கைபேசி வாடிக்கையாளரின் கையிலேயே இருந்தது. அப்படியும் அந்தப் பிரிவின் கீழ் வழக்கு நிலைத்தது.

இனி இரண்டாமவர். அழிந்த எண்ணையே திரும்ப எழுதுவது மாற்றுவதாகுமா என்று நீதிமன்றத்தில் வாதிட இடம் உண்டு, நானே வாதிடுவேன். ஆனால் அந்த வாதத்தை நம்பி ஒருவரைத் தொழில் செய்யச் சொல்ல மாட்டேன். காரணம், உங்கள் இழுப்பறையில் கிடக்கும் டாங்கிள். எண்ணை மாற்றுவதற்கென்று அமைக்கப்பட்ட கருவியையோ மென்பொருளையோ தெரிந்தே வைத்திருப்பதையும் 2017 விதிகள் தடை செய்தன. 2024 நவம்பரில் வந்த தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகளும் அவ்வாறே தடை செய்கின்றன. பெரியவருக்கு நல்லது நினைத்துத்தான் எழுதினேன் என்று நீங்கள் நிறுவிவிடலாம். அந்தக் கருவி உங்களிடம் ஏன் இருந்தது என்ற கேள்விக்கு அது விடையாகாது.

பதில் 2: புத்தூர், முன்னாள் பழுதுபார்ப்பவர்

வக்கீல் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். இந்தப் பழக்கம் நம் தொழிலுக்குள் எப்படி நுழைந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

2008, 2009 காலத்தில் எண்ணே இல்லாத, அல்லது எல்லாம் சுழியமாக இருந்த மலிவான சீனக் கைபேசிகள் சந்தையில் குவிந்து கிடந்தன. மும்பைத் தாக்குதலுக்குப் பின் அரசு கண்டிப்புக் காட்டியது. 2009 டிசம்பர் முதல் எண் இல்லாத கைபேசிகளுக்கு இணைப்புத் துண்டிக்கப்பட்டது. ஏழைகள் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக, அதற்கு முன் சில காலம், அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் கட்டணம் பெற்றுக்கொண்டு முறையான எண்ணைப் பதித்துக் கொடுத்தார்கள். அது அனுமதியோடு, பதிவோடு நடந்த வேலை. ஆனால் அதைப் பார்த்த தெருமுனைக் கடைகள், எண் எழுதுவதும் திரை மாற்றுவதைப் போன்ற ஒரு வேலைதான் என்று எடுத்துக்கொண்டன. அந்த எண்ணத்தோடு தொழில் கற்றவர்களில் நானும் ஒருவன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

எண் எழுதிய கடைகள் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தன என்று யோசித்துப் பாருங்கள். பதினைந்து இலக்கங்களில் முதல் எட்டு மாடலைக் குறிப்பவை. அடுத்த ஆறு அந்த ஒரு கருவிக்கே உரிய வரிசை எண். கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கும் இலக்கம். புது எண்ணைக் கடைக்காரர் படைக்க முடியாது. செத்துப்போன ஏதோ ஒரு கைபேசியின் எண்ணையோ, எங்கோ ஒருவர் பையில் இருக்கும் கைபேசியின் எண்ணையோதான் எழுதினார்கள். 2020-இல் மீரட் காவல் துறை ஒரே எண்ணில் 13,000-க்கும் மேற்பட்ட கைபேசிகள் இயங்குவதைக் கண்டுபிடித்தது. அவற்றில் ஒன்றைக் கொண்டு குற்றம் நடந்தால், மற்றவர்கள் அத்தனை பேர் வாசலிலும் சந்தேகம் வந்து நிற்கும். ஒன்று தொலைந்து தடை விழுந்தால் எல்லாம் ஊமையாகும். கடையில் நம் முன் உட்கார்ந்திருப்பவரின் கஷ்டம் நமக்குத் தெரிகிறது. அந்த எண்ணுக்கு உரியவர் நமக்கு முகம் தெரியாதவர். அவருக்கு நாம் செய்யும் தீங்கை அவர் ஒருநாளும் நம் கடைக்கு வந்து சொல்லப்போவதில்லை.

பெரியவர் விஷயத்தில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. டப்பாவும் பில்லும் இருப்பதாலேயே கைபேசிக்குள் இருக்கும் போர்டு, அதாவது மின்சுற்றுப் பலகை, அந்த டப்பாவுக்கு உரியதென்று நமக்கு எப்படித் தெரியும்? பழைய கைபேசிச் சந்தையில் வெறும் டப்பாக்களும் விலைக்குக் கிடைக்கின்றன. அவரைச் சந்தேகிக்கிறேன் என்று பொருளல்ல. இடையில் ஃப்ளாஷ் செய்தவர் போர்டை மாற்றியிருந்தால் அவருக்கே அது தெரிந்திருக்காது. எண் அழிந்த போர்டைப் பார்த்து அதன் உண்மையான எண்ணைச் சொல்லும் வசதி நம் மேசையில் கிடையாது. அவரைத் திருப்பதியிலோ சித்தூரிலோ இருக்கும் அந்நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். போர்டை மாற்ற நேர்ந்தால், புது எண் எழுதிய வேலைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பில்லோடு பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதில் 3: சென்னை, மென்பொருள் பணியாளர்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நான் விலை கொடுத்து வாங்கிய கருவியில் இருக்கும் எண்ணை நான் ஏன் மாற்றக் கூடாது? வைஃபை இணைப்பில் கருவியை அடையாளம் காட்டும் மேக் முகவரியை ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கிக் கைபேசிகள் தாமாகவே மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. பயனரைப் பின்தொடர முடியாதபடி செய்யும் அந்த வசதியை எல்லோரும் பாராட்டுகிறோம். ஐ.எம்.இ.ஐ. எண்ணும் ஒருவரைப் பின்தொடரப் பயன்படக்கூடியதே. திருடர்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம், தன் அந்தரங்கத்தைக் காக்க நினைக்கும் நேர்மையானவரையும் ஏன் தண்டிக்க வேண்டும்?

பதில் 4: ஸ்ரீசிட்டி, கைபேசித் தொழிற்சாலை ஊழியர்

நல்ல கேள்வி. ஆனால் ஒப்புமை பொருந்தவில்லை. மேக் முகவரி அந்தந்த வைஃபை வலையமைப்புக்குள் இரண்டு கருவிகள் குழம்பாமல் இருந்தால் போதும் என்ற அளவில் வேலை செய்வது. நாளைக்கு வேறொன்றாக மாறினால் எவருக்கும் இழப்பில்லை. ஐ.எம்.இ.ஐ. எண் உலகம் முழுவதற்குமான ஒரே பட்டியலில் இருந்து வருவது. கைபேசிச் சேவை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ. மாடலுக்கு எண் ஒதுக்க, உற்பத்தியாளர் ஒவ்வொரு கருவிக்கும் வரிசை எண் தருகிறார். 2023 ஜனவரி முதல் இந்தியாவில் முதல் விற்பனைக்கு முன்பே அதை அரசின் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நீங்கள் வேறோர் எண்ணுக்கு மாறினால், அது ஏற்கெனவே ஒருவருடைய எண்ணாகவோ நாளை ஒருவருக்குக் கிடைக்கப்போகும் எண்ணாகவோ இருக்க வாய்ப்பு உண்டு.

அந்தரங்கமும் இதனால் காக்கப்படுவதில்லை. உங்கள் பெயரில் வாங்கிய சிம் கார்டு தன் அடையாளத்தை வலையமைப்புக்குத் தனியே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நிறுவனங்கள் அந்த விவரங்களை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்பது நியாயமான போராட்டம். அதில் உங்கள் பக்கம் நிற்பேன். அதற்கு எண்ணைத் திருத்துவது வழியாகாது.

பதில் 5: புத்தூர், பள்ளி ஆசிரியை

இழந்தவர் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயிலில் என் கைபேசி திருட்டுப் போனது. மறைந்த என் தந்தையின் குரல் பதிவுகள் அதில் மட்டுமே இருந்தன. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலோடு, தொலைந்த கைபேசிகளைத் தடை செய்வதற்கான அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் எண்ணைத் தடை செய்யக் கோரினேன். 2023 மே மாதத்திலிருந்து அந்த ஏற்பாடு நாடு முழுவதற்கும் பொருந்துவதால், தமிழ்நாட்டில் தடை செய்ததை ஆந்திராவிலோ ஆந்திராவில் தடை செய்ததைத் தமிழ்நாட்டிலோ ஓட்ட முடியாது. நம்மைப் போல எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஏழு மாதம் கழித்து, எவரோ அதில் சிம் போட்டபோது தடம் கிடைத்து, என் கைபேசி திரும்பி வந்தது. பதிவுகளும் இருந்தன. இடையில் ஒரு கடைக்காரர் அதன் எண்ணை மாற்றியிருந்தால் என் தந்தையின் குரலை நான் மீண்டும் கேட்டிருக்க மாட்டேன். ஐயா, நீங்கள் மறுத்து அனுப்பிய அந்தக் கைபேசிக்கும் என்னைப் போல் ஒருவர் எங்கேயோ காத்திருப்பார்.

கேட்டவர்: நகரி

எல்லோருக்கும் நன்றி. அம்மா, உங்கள் பதிலைப் படித்தபின் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. டாங்கிளை இனி வைத்திருக்கப் போவதில்லை. பெரியவரை நானே திருப்பதிக்கு அழைத்துப் போகிறேன். தறித் தொழிலாளியின் 6,500 ரூபாய்தான் இன்னும் உறுத்துகிறது. அவருக்கு ஒரு வழி சொல்லுங்கள் வக்கீல் ஐயா.

பதில் 6: சித்தூர், வழக்குரைஞர்

வழி இருக்கிறது. முதலில் அவர் அந்தக் கைபேசியை நகரி காவல் நிலையத்தில் எழுத்து மூலமாக ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். அது தடை செய்யப்பட்டதென்று தெரிந்த பிறகும் வைத்திருந்தால், திருட்டுப் பொருளென்று கருதக் காரணமிருந்தும் வைத்திருந்தார் என்ற பேச்சு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின் கீழ், அவர் மேலேயே திரும்பும். விற்ற கடை தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதற்காகப் புகாரை வாங்க மறுக்க முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு கூறுகிறது.

பணத்துக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். திருத்தணிக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பழைய கைபேசி விற்பவர் அதன் எண்ணை அரசின் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விற்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் விதி வந்திருக்கிறது. அதன் பிறகு நடந்த விற்பனை என்றால் வழக்கு இன்னும் வலுவாகும். கடைச் சீட்டு இல்லாவிட்டாலும், பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவு இருந்தால் அதை எடுத்து வரச் சொல்லுங்கள்.

கேட்டவர்: நகரி

யு.பி.ஐ. பதிவு இருப்பதாகச் சொன்னார், ஐயா. ஆனால் அவருக்குத் தெலுங்கு பேச வருமே தவிர எழுத வராது. எனக்கும் மனு எழுதும் அளவுக்கு வராது. நிலையத்தில் தெலுங்கில் எழுதித் தரச் சொல்வார்கள் என்று தயங்குகிறார்.

பதில் 7: புத்தூர், பள்ளி ஆசிரியை

நான் எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் கடைக்கு வருகிறேன், கைபேசியோடும் யு.பி.ஐ. பதிவோடும் அவரை அங்கே வரச் சொல்லுங்கள். காவல் நிலையத்துக்கும் கூட வருகிறேன்.