நெய் ஒரு டேபிள் ஸ்பூன் எத்தனை கிராம்? அவசரம்

புங்கோல்புதுசு:
வணக்கம். நெய் ஒரு டேபிள் ஸ்பூன் எத்தனை கிராம்? நெட்டில் ஒருவர் 13 என்கிறார், இன்னொருவர் 14 என்கிறார். அந்தக் கணக்கில் தராசில் நிறுத்துப் போட்டும் சுகி பிஸ்கட் (நெய் பிஸ்கட்) மாவு உதிர்கிறது, உருண்டை பிடிக்கவே வரவில்லை. தீபாவளிக்கு ஆபீசில் கொடுக்க வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈசூன்அம்மா:
மைதா எவ்வளவு, சீனி எவ்வளவு, நெய் எத்தனை ஸ்பூன்? ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

தேக்காவாசி:
நம் சிங்கப்பூர் ஈரக்காற்று காரணமாக இருக்குமோ? மாவை வறுத்தீர்களா?

பழையகை:
இதற்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. கேட்கும் முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஸ்பூன் என்பது கொள்ளளவு, எடை பொருளுக்குப் பொருள் மாறும். 15 மில்லி ஸ்பூனில் தலை தட்டி எடுத்தால் தண்ணீர் 15 கிராம், நெய் 13.5, சீனி 12 சொச்சம், மைதா 8, ஐசிங் சீனியும் கிட்டத்தட்ட 8, தேன் 21. குறித்துக்கொள்ளுங்கள்.

புங்கோல்புதுசு:
மைதா 2 கப், ஐசிங் சீனி 8 டேபிள் ஸ்பூன், நெய் 9. நெய் 122 கிராம் போட்டேன். மாவு வறுத்ததுதான்.

அடுப்படிராணி:
கப்பை எப்படி அளந்தீர்கள்? மாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை ஏறிவிடும். கரண்டியால் போட்டுத் தலை தட்டினால் 125 தான். 2 கப்பில் 50 கிராம் கூடினால் மாவு உதிராமல் என்ன செய்யும்?

புங்கோல்புதுசு:
கரண்டியால்தான் போட்டேன் அக்கா.

ஜூரோங்அண்ணன்:
வீட்டுச் சமையலுக்கு ஸ்பூன் போதும். கிராம் பார்ப்பதெல்லாம் பேக்கரிக்காரர்கள் வேலை.

பழையகை:
ஊறுகாய் போட்டிருக்கிறீர்களா? தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். கல் உப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும், அதே ஸ்பூனில் குறைவாகத்தான் ஏறும். கல் உப்புக்குச் சொன்ன ஸ்பூன் கணக்கில் தூள் உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது.

ஜூரோங்அண்ணன்:
எங்கள் வீட்டில் வருடா வருடம் எலுமிச்சை ஊறுகாய் ஸ்பூன் கணக்கில்தான். ஒரு தடவையும் கெட்டதில்லை.

ஈசூன்அம்மா:
உப்புச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, குறிப்பு யார் கொடுத்தது?

புங்கோல்புதுசு:
சித்தி, வாட்ஸ்அப்பில். பெர்த்தில் இருக்கிறார்.

ஈசூன்அம்மா:
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! ஆஸ்திரேலியாவில் டேபிள் ஸ்பூன் 20 மில்லி. இங்கே கடையில் கிடைக்கும் செட்டில் பெரும்பாலும் 15. ஒன்பது ஸ்பூன் என்றால் 180 மில்லி, நெய்யில் ஏறக்குறைய 164 கிராம். உங்களுக்கு 40 கிராமுக்கு மேல் குறைகிறது. ஐசிங் சீனியும் அதே கதை, இன்னும் 20 கிராம் சலித்துச் சேருங்கள். நெய்யை உருக்கி, ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். பிடித்துப் பார்த்து, விரிசல் விடாமல் நின்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். சித்தியின் ஸ்பூன் 20 தானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தேக்காவாசி:
எதற்கும் ஏர்கான் அறையில் பிசைந்து பாருங்கள்.

புங்கோல்புதுசு:
20 தான். உருண்டை நிற்கிறது, முதல் தட்டு ஓவனில். நன்றி அக்கா.

ஜூரோங்அண்ணன்:
பழையகை, நான் வாங்கும் கல் உப்பு பொடிக்கல். அதற்கும் உங்கள் கணக்குத்தானா?

பழையகை:
பொடிக்கல் என்றால் நடுவில் எங்கோ வரும். ஒரு டீஸ்பூன் தட்டித் தராசில் வைத்துப் பாருங்கள்.