ஸ்னாப்ஷாட்டுக்குத் தமிழ்: 'காப்பு' வேண்டாம், சரி, வேறு என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

டைம்ஷிஃப்ட் என்ற லினக்ஸ் மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரே சொல்லில் நான்கு நாளாக முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஸ்னாப்ஷாட். கணினியின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைத்து, வேண்டும்போது அதற்குத் திரும்ப உதவும் சங்கதி. பட்டியல், எச்சரிக்கை, அமைப்புப் பக்கம் என்று எங்கே தொட்டாலும் அதுதான் வருகிறது. அதைத் தள்ளிவைத்துவிட்டு மற்ற வரிகளை முடிக்கவும் வழியில்லை. இதுவரை வந்த மடல்களுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன்.

> காப்பு என்றே போடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்டுக் கொடுத்தவன் நான்தான். 2018-இல் மின்ட் 19 வந்தபோது டைம்ஷிஃப்டை எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள் அல்லவா, அந்தச் சமயம். ஒரு வெளி ஹார்ட்டிஸ்கைச் செருகி, தினமும் ஒன்று என்று அமைத்துவிட்டு, "அண்ணே, இனிமே தானாவே பேக்கப் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் கூச்சப்படுகிறேன்.

அடுத்த வருஷம் உள்ளே இருந்த வட்டு செத்துப்போனது. புது வட்டு வாங்கி, பென்டிரைவிலிருந்து மின்ட்டை ஓட்டி, டைம்ஷிஃப்டில் மீட்டெடுத்தோம். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. லிப்ரேஆபிஸ் இருக்கிறது, இங்க்ஸ்கேப் இருக்கிறது, பிரிண்டர் அமைப்பு வரைக்கும் அப்படியே வந்திருக்கிறது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ஆவணங்கள் கோப்புறையைத் திறந்தார். காலி. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், ஊரார் பயோடேட்டா, ஒன்றுமே இல்லை. "பேக்கப்புன்னு சொன்னியேப்பா" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மென்பொருள்மேல் குற்றமில்லை. டைம்ஷிஃப்ட் பாதுகாப்பது இயங்குதளத்தையும் அதன் அமைப்புகளையும் மட்டும்தான். பயனரின் வீட்டுக் கோப்புறையை நாமாகச் சேர்க்கச் சொன்னால் ஒழிய அது தொடாது. காரணமும் நியாயமானது. ஒரு அப்டேட் சொதப்பி, நேற்றைய நிலைக்குக் கணினியைத் திருப்பும்போது, இன்று காலை எழுதிய கடிதமும் நேற்றைக்குப் போய்விடக் கூடாதே! ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊர் எல்லைக்குள் இருக்கும் எல்லாருக்கும் அது பொருந்தும். இந்தக் காப்பு ஊருக்கு மட்டும், வீட்டுக்கு இல்லை. ஆகவே பேக்கப்புக்கு வைத்திருக்கும் காப்புநகல் என்ற சொல்லை தேஜாதூப், பேக் இன் டைம், போர்க் மாதிரியான கருவிகளுக்கே விட்டுவிடுவோம்.

> அப்படியானால் வெறும் 'நகல்'?

அதுவும் பாதிப் பொய். டைம்ஷிஃப்டில் இரண்டு முறைகள் உண்டு. ஆர்சிங்க் முறையில் முதல் தடவை எடுப்பது நிஜமான நகல்தான். இரண்டாம் தடவையிலிருந்து மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கிறது. மாறாதவற்றுக்கு ஹார்ட் லிங்க் போடுகிறது. ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் இருக்கிற மாதிரி. பெயர் இரண்டு, சாப்பாடு ஒருவருக்குத்தான். பிடிஆர்எஃப்எஸ் (btrfs என்ற கோப்பு முறைமை) முறையில் இன்னும் மோசம்: எடுக்கும் நொடியில் எதுவுமே நகலாவதில்லை. பிறகு எந்த இடத்தில் மாற்றம் வருகிறதோ அதைப் புது இடத்தில் எழுதி, பழையதை விட்டுவைக்கிறது. எல்லாம் அதே வட்டில். வட்டு போனால் அத்தனையும் போச்சு. இதைப் போய் நகல் என்றால் இன்னொரு ஜெராக்ஸ் கடை அண்ணன் ஏமாறுவார்.

> நொடிப்படம், கணப்படம்?

படம் என்று முடியும் எதுவும் வேண்டாம். சொடுக்கினால் ஒரு படம் திறக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். (ஸ்கிரீன்ஷாட்டைச் சொல்லுக்குச் சொல் 'திரைப்படம்' என்று ஒருவர் பெயர்த்ததையும் நாம் பார்த்தாயிற்று.) படிமத்தை ஐஎஸ்ஓ (டிஸ்க் இமேஜ்) கோப்புகளுக்குக் கொடுத்துவிட்டோம். 'தருணப்பதிவு' அழகாக இருக்கிறது, ஆனால் அதே சாளரத்தில் பதிவுகளைப் பார்க்கும் வசதியும் உண்டு. அங்கே பதிவு என்றால் லாக்.

'கணநிலை' எனக்கே பிடித்திருந்தது. கணக்கு வாத்தியார் ஒருவரிடம் காட்டினேன். பள்ளிப் பாடத்தில் கணம் என்றால் செட் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். 'நொடிநிலை' என்று மாற்றிப் பார்த்தால் கடன்பட்டு நொடித்துப்போன நிலை மாதிரி காதில் விழுகிறது.

மிச்சம் இரண்டு: மீள்நிலை, நிலைப்பிடிப்பு. என் ஓட்டு மீள்நிலைக்கு. சின்னச் சொல், பொத்தானில் அடங்கும், வேற்றுமை உருபு ஏற்றாலும் நெருடவில்லை: மீள்நிலையை அழி, மீள்நிலைக்குத் திரும்பு. இது பத்திரப்படுத்தும் பெட்டி இல்லை, திரும்பிப் போகும் இடம் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. என்ன சொல்கிறீர்கள்?

*

மறு: ஸ்னாப்ஷாட்டுக்குத் தமிழ்

அண்ணா, காப்பு வேண்டாம் என்பதில் மறுபேச்சில்லை. மீள்நிலையில்தான் எனக்குச் சிக்கல்.

உபுண்டுவில் ஸ்னாப் என்ற வடிவில் வரும் செயலிப் பொதி ஒன்றை நீக்கிப் பாருங்கள். நீக்குவதற்குமுன் அதுவும் தானாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, வழக்கமாக 31 நாள் வைத்திருக்கும். அதற்குள் இருப்பது என்ன? அந்தச் செயலியில் நீங்கள் சேர்த்துவைத்த உங்கள் தரவு! டைம்ஷிஃப்ட் எதை விட்டுவிடுகிறதோ, இது அதைத்தான் எடுத்துவைக்கிறது. பெயர் மட்டும் ஒன்று. ஓபன்சூசே லினக்ஸின் ஸ்னாப்பர் கருவியை எடுத்துக்கொண்டால், பொதி நிறுவுவதற்குமுன் ஒன்று, நிறுவியபின் ஒன்று என்று எடுக்கும். அந்த இரண்டையும் ஒப்பிட்டு என்ன மாறியது என்று பார்ப்பதற்கே நான் அதைப் பயன்படுத்துகிறேன். திரும்பிப் போனது ஒரே தடவைதான்.

ஆக, எதை எடுக்கிறது, எதற்கு எடுக்கிறது என்பதெல்லாம் கருவிக்குக் கருவி மாறுகிறது. மாறாமல் இருப்பது ஒன்றுதான்: ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைப்பது. நிலைப்பிடிப்பு அதை மட்டும் சொல்கிறது. ஸ்கிரீன்ஷாட்டுக்குத் திரைப்பிடிப்பு என்று நாம் எழுதுவதால் இரண்டும் ஒரே குடும்பமாகவும் இருக்கும். முதுகுப்பிடிப்பு நினைவுக்கு வருகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். வரட்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடைக்கார அண்ணனை எந்தச் சொல்லும் காப்பாற்றியிருக்காது. பயனர் கோப்புறைகள் சேர்க்கப்படுவதில்லை என்று அமைப்புப் பக்கத்தில் ஒரு வரி வருகிறதே, அதைப் படித்ததும் விளங்கும் தமிழில் எழுதுங்கள். நான்கு நாள் செலவழிக்க வேண்டிய இடம் அது.

*

மறு: மறு: ஸ்னாப்ஷாட்டுக்குத் தமிழ்

சரி, ஒப்புக்கொண்டேன். ஸ்னாப்பை நான் யோசிக்கவே இல்லை. நிலைப்பிடிப்பு என்றே கோப்பு முழுக்க மாற்றிவிட்டேன்.

நீங்கள் சொன்ன வரியில் போன வாரம் நான் எழுதிவைத்திருந்தது: "பயனர் முகப்பு அடைவுகள் முன்னிருப்பாக விலக்கப்பட்டுள்ளன." இன்று படித்தால் எனக்கே பொருள் சொல்ல ஆள் வேண்டும். இப்போது இப்படி: "உங்கள் வீட்டுக் கோப்புறையில் உள்ள படங்களும் ஆவணங்களும் நிலைப்பிடிப்பில் சேராது. சேர்க்க வேண்டுமானால் இங்கே தேர்ந்தெடுக்கவும்." மூலத்தைவிடச் சற்று நீளம்தான், சாளரத்தில் இரண்டு வரியாக மடிகிறது. வெட்டச் சொல்லாதீர்கள்.

மீட்டெடு, மீட்டமை குழப்பம் இன்னும் பாக்கி. ரீசெட்டுக்கு மீட்டமை என்று பல இடங்களில் ஏற்கெனவே இருப்பதால், இங்கே ரீஸ்டோருக்கு மீட்டெடு என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றிரவு கோப்பைப் பதிவேற்றிவிடுவேன். அப்புறம், சொல்லில் ப் விடாமல் எழுதுங்கள். 'நிலைபிடிப்பு' என்று ஏழு இடத்தில் நானே விட்டிருந்தேன்.