புதுப்பிப்பு: ரூபன் சுருள்கள் இந்த முறை நமுத்துப்போகவில்லை

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: ரூபன் சாண்ட்விச்சில் (ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டிக்குள் உப்பில் ஊறிய மாட்டிறைச்சியான கார்ன்ட் பீஃப், சார்க்ராட், சுவிஸ் சீஸ் வைக்கும் அமெரிக்க சாண்ட்விச்) வைப்பதையெல்லாம் பஃப் பேஸ்ட்ரியில் சுருட்டிச் சுட்டதில் அடிப்பாகம் சொதசொதவென்று ஆகிவிட்டது என்று. குற்றவாளி சார்க்ராட்தான். அந்தப் புளித்த முட்டைக்கோஸை வடிகட்டினால் மட்டும் போதாது. துணியில் கட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். எவ்வளவு சாறு! கார்ன்ட் பீஃபைப் பொடியாக நறுக்கி, சுவிஸ் சீஸைத் துருவிச் சேர்த்தேன். ரஷ்யன் டிரெஸ்ஸிங் என்ற மயோனைஸ் சாஸை உள்ளே தடவாமல், தொட்டுக்கொள்ளத் தனியாக வைத்தேன். சுருளை அரை மணி நேரம் குளிரவைத்து வெட்டி, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 20 நிமிடம். ரை ரொட்டி இல்லாத குறையை மேலே தூவிய கேரவே விதை தீர்த்தது; ரை ரொட்டியில் வழக்கமாகச் சேர்க்கும், சீரகம் போலிருக்கும் விதை அது. அதற்குப் பதில் சீரகம் போதுமே என்றவர்களுக்கு: போதாது, மணமே வேறு. விருந்தினர் எல்லோரும் வந்து சேர்வதற்குள் 36 துண்டுகளும் காலி. எனக்குக் கிடைத்தது கோணலான ஓரத்துண்டு ஒன்றுதான்.