அம்மாவோடு கோ சமுய்: நேரே ப்ளேனா, ஃபெரியா?

ஹட்டன்வாசி:
தங்கச்சியும் மச்சானும் தாய்லாந்தில் கோ சமுய் தீவில் இருக்கிறார்கள், மச்சானுக்கு அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. நவம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமென்று டிக்கட் பார்த்தால் தலை சுற்றுகிறது. கொழும்பு–பேங்கொக் பரவாயில்லை, அங்கிருந்து சமுய்க்கு ஒரு மணி நேரம் பறக்கக் கேட்கிற காசுதான் தாங்கவில்லை. தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள சூரத் தானியில் இறங்கி ஃபெரியில் போனால் நிறைய மிஞ்சுமாம். ஆனால் அம்மா கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளிலேயே வாந்திக்கு ஷொப்பிங் பேக்கை மடியில் வைத்துக்கொண்டு வருகிற ஆள்.

கொட்டகலை77:
தம்பி, சமுய் அரசாங்க எயார்போர்ட் இல்லை. பேங்கொக் எயார்வேஸ் கம்பெனியே கட்டி 1989இல் திறந்தது. ரன்வேயும் அவர்களுடையது, வந்து போகிற ப்ளேன்களில் பெரும்பாலானவையும் அவர்களுடையவை, அப்புறம் விலை எங்கே இறங்கும்? ரன்வேயும் 2,060 மீட்டர்தான் (நம்ம கட்டுநாயக்க எயார்போர்ட்டில் 3,350), ஏடிஆர் 72, ஏ319 மாதிரி சின்ன ப்ளேன்தான் வரும், சீட்டும் அதற்கேற்ற மாதிரித்தான். ஆனால் இடம் அழகு. சுவரில்லாமல் கூரை மட்டும் போட்ட மண்டபங்கள், ப்ளேனிலிருந்து இறங்கினால் பக்கம் திறந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

மஸ்கெலியா மருமகள்:
நாங்கள் காசை மிச்சம் பிடிக்கப் போய்ப் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நாங்கள் போன கொழும்பு ப்ளேன் இறங்கியது பேங்கொக்கின் சுவர்ணபூமி எயார்போர்ட்டில், சூரத் தானிக்கு நாங்கள் எடுத்த மலிவு ப்ளேன் கிளம்பியதோ டொன் முவாங் எயார்போர்ட்டில், இரண்டும் நகரத்தின் இரண்டு மூலை. பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினால் ப்ளேன் லேட். சூரத் தானியில் இறங்கி டொன்சாக் துறைக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், போய்ச் சேரும்போது கடைசி ஃபெரி போய்விட்டது, ராத்திரி முழுக்க நுளம்புக்கடியோடு அங்கேயே ஒரு ரூமில் கிடந்தோம். மறுநாள் கடலில் இன்னுமொரு ஒன்றரை மணி நேரம். இளம் பிள்ளைகள் என்றால் போகலாம், அம்மாவோடு வேண்டாம் அண்ணா. சமுய் ப்ளேன் சுவர்ணபூமியிலிருந்தே கிளம்பும், அந்த ஒன்றுக்கே காசைக் கொடுக்கலாம்.

நானுஓயா மழை:
எல்லாம் சரி, நவம்பரிலா போகிறீர்கள்? தாய்லாந்தின் மேற்குக் கரையில் புக்கட் பக்கம் நமக்கு மாதிரி தென்மேல் பருவக்காற்றில் நனையும், சமுய் அப்படியில்லை, நம்ம மட்டக்களப்பு மாதிரி வருஷக் கடைசியில்தான் கொட்டும், அதிலும் நவம்பர்தான் மோசம். அந்த நேரம் கடலும் கொந்தளிக்கும், ஃபெரியில் ஷொப்பிங் பேக் ஒன்று போதாது. பெப்ரவரி, மார்ச் பாருங்கள்.

ஹட்டன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. நவம்பர் என்று மச்சான்தான் சொன்னார், லீவு கிடைப்பதே அப்போதுதானாம், ஏன் கிடைக்கிறதென்று இப்போது விளங்குகிறது. பெப்ரவரிக்கு மாற்றிவிட்டேன், போக வர இரண்டுக்கும் ப்ளேன்தான். சின்ன ப்ளேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “காசல்ரீ தண்ணியில வந்து இறங்குமே, அது மாதிரியா? அப்ப நான் வரல.” ரன்வே இருக்கிறதென்று கொட்டகலை அண்ணன் எழுதியதை இரண்டு தரம் வாசித்துக் காட்டிய பிறகுதான் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார்.